மருமகளுக்கு இப்போதுதான் 18 வயது. மூன்று மாதமாகச் சாப்பாடும் இல்லை, பேச்சும் இல்லை. நான் என்ன செய்யட்டும்?

கேட்டவர்: புளியமரத்துவீடு

எல்லாருக்கும் வணக்கம். அரூரிலிருந்து தீர்த்தமலை போகிற வழியில் எங்கள் ஊர். எனக்கு 47 வயது. போனில் தமிழ் அடிக்க மகள்தான் சொல்லிக்கொடுத்தாள். ஒரு வாரமாக எழுதுவதும் அழிப்பதுமாக இருந்து இன்றைக்குத்தான் போடுகிறேன். தப்பாக ஏதாவது எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் சின்ன மகனுக்கு 20 வயது. பெங்களூரில் கட்டட வேலை, கம்பி கட்டுகிறான். போன சித்திரையில் ஒருநாள் ராத்திரி ஒன்பது மணிக்கு, பிளஸ் டூ பரீட்சை முடித்த ஒரு பெண்ணோடு வாசலில் வந்து நின்றான். இரண்டு பேர் கழுத்திலும் மாலை. மலைக்கோயிலில் தாலி கட்டிவிட்டார்களாம். அவளுக்கு அப்போது பதினேழரை வயது. எங்களுக்குச் சொந்தமும் இல்லை, சாதியும் வேறு. மறுநாள் அவள் அப்பா நாலு பேரோடு வந்தார். அடிதடி ஆகிவிடுமோ என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். அவரோ அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ‘இன்றோடு தலை முழுகிவிட்டேன்’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தச் சொல் இன்னும் அவள் காதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

வயது தெரிந்தும் நான் ஆரத்தி எடுத்து உள்ளே விட்டேன். அது தப்பு என்று தெரியும். அந்த நேரத்தில் அவளை எங்கே அனுப்புவது என்றும் தெரியவில்லை.

முதல் இரண்டு மாதம் சிரிப்பும் பாட்டுமாகத்தான் இருந்தாள். என்னோடு மாட்டுக்குத் தீவனம் வெட்ட வருவாள். ரிசல்ட் வந்தபோது 600க்கு 471. போனைப் பார்த்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் கொல்லைப் பக்கம் போய் நின்றாள். ஆனியில் அவளோடு படித்த பெண் ஒருத்தி கல்லூரி அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பார்க்க வந்தாள். அவள் போன பிறகு இவள் ராத்திரி சாப்பிடவில்லை. அப்புறம் ஆடி வந்தது. ஆடிப் பதினெட்டு அன்று எதிர்வீட்டுப் புதுப்பெண்ணைத் தாய்வீட்டார் வந்து அழைத்துக்கொண்டு போனார்கள். எங்கள் பாப்பா காலையிலேயே தலைக்குக் குளித்து, இருந்ததில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். யாரும் வரமாட்டார்கள் என்று அவளுக்கும் தெரியும். வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டாள். தலை தீபாவளிக்கும் அதே கதைதான்.

தீபாவளிக்குப் பிறகு சுத்தமாக மாறிவிட்டாள். பாதி உருண்டை களிகூட இறங்குவதில்லை. பகலிலும் விளக்குப் போடாத அறையில் படுத்திருக்கிறாள். ராத்திரி நான் தண்ணீர் குடிக்க எழுந்தால் விழித்துக்கொண்டிருக்கிறாள். தலை சீவுவதே இல்லை.

நான் ஒரு காரியம் செய்துவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் வேலை அலுப்பில், ‘உன் வயதில் எனக்குக் கையில் ஒன்று, வயிற்றில் ஒன்று. நான் சமாளிக்கவில்லையா?’ என்று கேட்டுவிட்டேன். நான் 15 வயதில் இந்த வீட்டுக்கு வந்தவள். அன்றிலிருந்து ‘சரிங்க’, ‘இல்லைங்க’ தவிர அவள் வாயிலிருந்து எனக்கு ஒரு சொல் கிடையாது.

நாத்தனார், காற்று சேட்டை, பூசாரியிடம் கூட்டிப்போய் வேப்பிலை அடி என்கிறார். மகள் டாக்டரிடம் போகச் சொல்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் கல்யாணமான வயதைக் கேட்டு மகன்மேல் கேஸ் போட்டுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. பாப்பாவுக்கு ஐப்பசியில் 18 முடிந்துவிட்டது. இது வியாதிதானா? அவளிடம் எப்படிப் பேசுவது? அவள் அம்மாவை எப்படியாவது பேசவைக்க வழி இருக்கிறதா?


பதில்: சேலம் வக்கீல்

அம்மா, பயத்தைப் பற்றிக் கேட்டீர்கள், அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். மற்றதை விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

2006ஆம் ஆண்டு குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி கல்யாண வயது பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. பெண்ணுக்கு 18 நிறையாமல் கல்யாணம் செய்த 18 வயதுக்கு மேற்பட்ட ஆணுக்கும், நடத்திவைத்தவர்களுக்கும், தெரிந்தே இடம் கொடுத்தவர்களுக்கும் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது. இடம் கொடுத்தவர் பெண் என்றால் சிறை கிடையாது, அபராதம் மட்டும்தான். 18 வயதுக்குக் கீழே என்றால், மனைவியாக இருந்தாலும் உடலுறவு பாலியல் வன்கொடுமைக் குற்றம்தான், விலக்கு இல்லை என்று 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில், டாக்டர்களுக்குப் போலீசில் தகவல் சொல்லவேண்டிய கடமையும் உண்டு. ஆகவே வழக்கே வராது என்று உங்களுக்கு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அப்படிச் சொல்கிறவர்களையும் நம்பாதீர்கள்.

ஆனால் அந்தப் பயத்துக்காக ஒரு பெண்ணின் வைத்தியத்தை ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. வழக்கு வந்தால் பார்க்க நாங்கள் இருக்கிறோம். தருமபுரியில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே இலவச வக்கீல் கிடைக்கும். 15100க்கும் கூப்பிடலாம். மகனையும் கூட்டிக்கொண்டு போய் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். வயதை மாற்றிச் சொல்லவே சொல்லாதீர்கள்.

இன்னொன்று, கேட்கக் கசப்பாக இருக்கும். இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று அவள் நினைத்தால், 20 வயது நிறைவதற்குள் மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு ரத்து செய்துகொள்ளலாம். தங்க இடமும் ஜீவனாம்சமும் கேட்கலாம். இது அவளுக்குத் தெரியவேண்டும், அதுவும் உங்கள் வாயால் தெரியவேண்டும். கதவு பூட்டியில்லை என்று தெரிந்தபிறகும் அவள் உங்கள் வீட்டில் இருந்தால், அந்த இருப்பு வேறு.


பதில்: கம்பம்பொண்ணு

அம்மா, உங்கள் கேள்வியைக் காலையில் படித்தேன். கடையைத் திறந்து உட்கார்ந்தும் வேலை ஓடவில்லை. அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தது நான்தான் என்று தோன்றியது.

எனக்கு 2006இல் கல்யாணம். அப்போது 16 வயது, பத்தாவது முடித்திருந்தேன். அப்பா இறந்த வீட்டில் வருஷத்துக்குள் ஒரு நல்ல காரியம் நடக்கவேண்டும், விட்டால் மூன்று வருஷம் தள்ளிவிடும் என்று பேசி, அத்தை மகனுக்கே கட்டிவைத்தார்கள். நான் யாரோடும் ஓடிப்போகவில்லை. எல்லாரும் கூடி, பந்தல் போட்டு, மொய் எழுதி நடந்த கல்யாணம். அதனால் எனக்கு வருத்தம் இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ‘அத்தை வீடுதானே’ என்றார்கள். அத்தை வீடுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குப் போகிற அத்தை வீடு வேறு, விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து சோறாக்கி எல்லாருக்கும் தூக்குவாளியில் போடுகிற அத்தை வீடு வேறு. அத்தையும் அவரும் ஐந்து மணிக்கெல்லாம் ஏலத்தோட்டத்து ஜீப்பில் மலைக்குப் போய்விடுவார்கள். திரும்ப இருட்டிவிடும். அதுவரை நான், நாலு சுவர், ஒரு ரேடியோ.

17 வயதில் மகன் பிறந்தான். பிறந்த பத்தாம் நாளோ என்னவோ, சாயங்காலம் ஆனால் அழுகை வரும். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. பிள்ளை அழுதால் வேறு யாருடைய பிள்ளையோ அழுகிற மாதிரி இருக்கும். அம்மாவிடம் சொன்னேன். ‘எல்லாப் பொம்பளைக்கும் இப்படித்தான், அனுசரிச்சுப் போ’ என்றாள். அம்மா கெட்டவள் இல்லை. அவளுக்குக் கைவசம் இருந்த ஒரே மருந்து அந்தச் சொல்தான். அதைக் கேட்டபிறகு நான் யாரிடமும் சொல்லவில்லை. நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி என்று மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். இதை நான் இவ்வளவு வருஷத்தில் மூன்று பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன். நீங்கள் நாலாவது.

என்னைக் காப்பாற்றியது அப்பத்தா. அப்பாவைப் பெற்றவள், அப்போது எழுபது தாண்டியிருக்கும். யார் என்ன சொன்னார்களோ தெரியாது, ஒருநாள் ஒயர் கூடையில் இரண்டு புடவையோடு பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டாள். நாற்பது நாள் இருந்தாள். அவள் எனக்குப் புத்தி சொன்னதாக ஒரு வார்த்தைகூட நினைவில் இல்லை. ராத்திரி பிள்ளையைத் தன் பக்கம் போட்டுக்கொள்வாள், பாலுக்கு மட்டும் எழுப்பித் தருவாள். காலையில் எழுந்ததும் ஒரே கேள்விதான்: ‘ராத்திரி தூங்கினியா தாயி?’ இல்லை என்றால் பகலில் கதவைச் சாத்திக்கொண்டு, வருகிறவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு என்னைத் தூங்கவைப்பாள். பதினைந்து நாள் பார்த்தாள். அப்புறம் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, ‘இது என் கைக்கு மிஞ்சினது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ’ என்றாள். க. விலக்கில் இருக்கிற மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்த டாக்டரம்மா முதலில் கேட்டதும் தூக்கத்தைப் பற்றித்தான். எட்டு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். மாத்திரை ஆரம்பித்து மூன்றாவது வாரமோ என்னவோ, ஒருநாள் ரசத்தில் உப்பு அதிகம் என்று எனக்கே தெரிந்தது. நாக்குக்கு ருசி திரும்பிவிட்டது என்று அப்பத்தா அன்றைக்குத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

இப்போது உங்கள் பாப்பா விஷயம்.

‘உன் வயதில் எனக்கு’ என்று சொன்னேன் என்கிறீர்கள். நீங்கள் சமாளித்தீர்கள், சரி. 15 வயதில் இந்த வீட்டுக்கு வந்தபோது ராத்திரி தூங்கினாயா என்று உங்களை யாராவது கேட்டார்களா அம்மா? நான் வம்புக்குக் கேட்கவில்லை. நீங்கள் அந்தக் கதையைப் பாதி சொல்லியிருக்கிறீர்கள். சமாளித்த பாதியை மட்டும் சொன்னால் அது அவளுக்கு அடியாக விழுகிறது. அழுத பாதியையும் சொல்லிப் பாருங்கள். அவள் பதில் சொல்லவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். முகத்துக்கு நேரே உட்காரவைத்துப் பேசவும் வேண்டாம். உங்கள் பக்கம் தை மாசி என்றால் வீட்டுக்கு வீடு புளி தட்டுவார்களே, அந்த மாதிரி கைக்கு வேலை இருக்கும்போது, கண் கீழே இருக்கும்போது சொல்லுங்கள். ‘ஏன் இப்படி இருக்கிறாய்?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ஏன் என்று தெரிந்தால் அவளே சொல்லியிருப்பாள்.

அவள் அம்மா விஷயம். அப்பா தலை முழுகலாம், அம்மாவால் முடியாது. ஆனால் வீட்டில் போனை எடுத்துப் பேச அந்த அம்மாவுக்குத் துணிச்சல் இருக்காது. நேராகப் போகாதீர்கள். சித்தியோ, அம்மாவைப் பெற்ற பாட்டியோ, பள்ளிக்கூட டீச்சரோ யாராவது ஒருவர் இருப்பார். அவர் வழியாக, ‘சண்டைக்கு வரவில்லை, சமாதானமும் கேட்கவில்லை, பெண் சாப்பிடுவதில்லை’ என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். பெற்றவள் வயிற்றுக்கு அது போதும். அதற்கு முன்னால் பாப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அவளுக்கு வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

471 மார்க் எடுத்த பெண். அரூரிலேயே அரசுக் கல்லூரி இருக்கிறது. இந்த வருஷம் போய்விட்டது, அடுத்த ஆனிக்குள் சேர்க்கலாம். ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும், கல்லூரியிலேயே கேளுங்கள். நானும் மகனுக்கு நாலு வயதானபிறகு தனித்தேர்வராகப் பிளஸ் டூ எழுதியவள்தான். ஹால் டிக்கெட்டை அப்பத்தா சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். இப்போது இ-சேவை மையம் நடத்துகிறேன். அதனால் சொல்கிறேன், அவளுடைய ஆதார், டிசி, மார்க் ஷீட் எல்லாம் அப்பா வீட்டில் மாட்டிக்கொண்டிருக்கும். அதற்காக அங்கே போய் நிற்க வேண்டாம். ஆதாரை மறுபடி எடுத்துவிடலாம், மார்க் ஷீட்டுக்கும் நகல் வாங்க வழி இருக்கிறது. ஆனால் இன்றைக்கே கல்லூரிப் பேச்சை எடுக்காதீர்கள். முதலில் தூக்கம், அப்புறம் சாப்பாடு. படிப்பு மூன்றாவது.


பதில்: திருப்பூர்க்காரன்

வணக்கம்மா. நான் 19 வயதில் 18 வயதுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து கல்யாணம் செய்தவன். பனியன் கம்பெனியில் டெய்லர். உங்கள் மகனைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

லைன் வீட்டில் ஒரே அறை. இரண்டு வீட்டிலும் சேர்க்கவில்லை. கூட்டிக்கொண்டு வரும்போது இருந்த தைரியம், முதல் மாத வாடகைக்கு முன்பணம் கேட்டபோதே போய்விட்டது. அவள் அழுவாள். அவள் அழுவதைப் பார்த்தால் என்னைக் குற்றம் சொல்வது போலவே இருக்கும். நான் கத்துவேன், இல்லாவிட்டால் எழுந்து வெளியே போய்விடுவேன். சனிக்கிழமை சம்பளத்தில் பாதி குடிக்குப் போக ஆரம்பித்தது. அவளுக்குத் துணையாக இருக்கவேண்டியவன் நான் ஒருவன்தான், அந்த நானே அந்த நிலைமையில் இருந்தேன்.

எங்கள் பெரிய மாமா ஒருத்தர் வாரம் ஒருமுறை போன் செய்வார். திட்டமாட்டார். ‘என்ன மாப்பிள்ளை, கடன் எவ்வளவு நிற்கிறது, அவள் சாப்பிட்டாளா, நீ சாப்பிட்டாயா’ என்று கேட்பார். அவரிடம் கணக்குச் சொல்லவேண்டுமே என்றுதான் குடியைக் குறைத்தேன்.

உங்கள் மகன் மாதம் ஒருமுறைதான் வருகிறான் என்றால் அது போதாது. பெங்களூரிலிருந்து ராத்திரி பஸ் ஏறினால் விடியற்காலை வீடு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரச்சொல்லுங்கள், பணம் குறைந்தால் குறையட்டும். அவனிடமும் தனியாகப் பேசுங்கள். அவனும் சின்னப் பையன்தான் அம்மா. குழந்தை எப்போது என்று சொந்தக்காரர்கள் கேட்க ஆரம்பித்திருப்பார்கள். அந்தக் கேள்வி அவள் காதுக்குப் போகாமல் நீங்கள்தான் தடுக்கவேண்டும்.


பதில்: நர்சம்மா

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 22 வருஷமாகக் கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். இப்படிப்பட்ட வீடுகளை நிறையப் பார்த்துவிட்டேன். உங்கள் பாப்பா தனி ஆள் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுக்குள் இருந்த பெண்களில் 12.8 சதவீதம் பேருக்கு 18க்கு முன்பே கல்யாணம் ஆகியிருந்தது. இந்தியா முழுக்க 23.3 சதவீதம். நோட்டில் அவர்களுக்கு ரத்த அளவும் எடையும் எழுதுகிறோம். மனசுக்கு ஒரு கட்டம் அந்த நோட்டில் இருந்ததில்லை, நானாகக் கேட்டால்தான் உண்டு.

வியாதிதானா என்று கேட்டீர்கள். தூக்கம், பசி, குளிப்பது, தலை சீவுவது என்று எல்லாம் சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டுப்போனால் டாக்டர் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டில் மூன்று மாதம் ஆகிவிட்டது. இனி யோசிக்க ஒன்றும் இல்லை. முதலில் உங்கள் ஊர் நர்சிடம் சொல்லி ரத்தப் பரிசோதனை, தைராய்டு பாருங்கள். ரத்தசோகை இருந்தாலும் இப்படிச் சோர்ந்து கிடப்பார்கள். ஆனால் ரத்தம் குறைவு என்று தெரிந்ததும் அத்தோடு நிறுத்திவிடாதீர்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, செலவு கிடையாது. போவதற்குள் பேசவேண்டும் என்றால் 14416க்குக் கூப்பிடுங்கள். டெலிமானஸ் என்று பெயர், மனநலத்துக்கான அரசு உதவி எண், 2022இல் ஆரம்பித்தது, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசுவார்கள். நீங்களும் பேசலாம், அவளும் பேசலாம்.

ஒரு கேள்வியை நீங்கள் அவளிடம் நேராகக் கேட்டுத்தான் ஆகவேண்டும்: ‘செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா கண்ணு?’ கேட்டால் இல்லாத நினைப்பு வந்துவிடும் என்று பயப்படுவார்கள். வராது. கேட்டதும் பாரம் இறங்கியதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். ஆமாம் என்று சொன்னால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, அதுவரை அவளைத் தனியே விடாதீர்கள். அவள் என்ன சொன்னாலும் சொல்லாவிட்டாலும், தோட்டத்துப் பூச்சிமருந்து, களைக்கொல்லி எதுவும் வீட்டுக்குள் இருக்கக் கூடாது. கடலூர் மாவட்டக் கிராமங்களில், தற்கொலையைத் தடுக்க வேலை செய்யும் சிநேகா அமைப்பு இதற்காகவே பொது இடம் கட்டி, வீட்டுக்கு ஒரு பூட்டுப்பெட்டி கொடுத்து மருந்தை அங்கே வைக்கச் செய்தது. அந்தக் கொஞ்ச நேரத் தூரம் ஒரு உயிர் போவதைத் தடுத்து நிறுத்திவிடும். உங்கள் ஊரில் அந்த வசதி இல்லையென்றால் வீட்டுக்கு வெளியே எங்காவது வைத்துப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவையுங்கள்.

நாத்தனாரோடு சண்டை வேண்டாம். கோயிலுக்குப் போய் விளக்குப் போடுங்கள், நல்லதுதான். வேப்பிலையால் அடிக்க மட்டும் ஒருவரையும் விடாதீர்கள்.

குழந்தை இப்போதைக்கு வேண்டாம் என்று அவள் நினைத்தால் அதற்கும் வழி சொல்வோம், அவளையே கேட்டுத்தான் சொல்வோம். அரசு கொடுக்கும் மகப்பேறு உதவிப் பணத்துக்கே 19 வயது நிறைந்திருக்க வேண்டும். அந்த உடம்புக்கு இன்னும் நேரம் இருக்கிறது.


கேட்டவர்: புளியமரத்துவீடு

எல்லாருடைய பதிலையும் மகளை விட்டு இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். கம்பத்துத் தங்கச்சி, நீ எழுதினதைக் கேட்டுவிட்டு அன்றைக்கு நான் சமைக்கவில்லை.

தோட்டத்து மருந்து எல்லாவற்றையும் அன்றே கொழுந்தனார் வீட்டு மோட்டார் ரூமில் வைத்துப் பூட்டிவிட்டேன். சாவி அவரிடம்.

புதன்கிழமை புளி தட்டிக்கொண்டிருந்தோம். அவளும் வந்து ஒரு ஓரமாக உட்கார்ந்து கொட்டை எடுத்தாள். நான் யாரையும் பார்க்காமல் சொல்ல ஆரம்பித்தேன். 15 வயதில் வந்த முதல் வருஷம் மாட்டுக் கொட்டகையில் வைக்கோல் போருக்குப் பின்னால் போய்த்தான் அழுவேன், அங்கேதான் யாரும் தேட மாட்டார்கள். ஒருநாள் அங்கேயே தூங்கிப்போய்விட்டேன், மாமியார் வாளித் தண்ணீரை ஊற்றி எழுப்பினார். இதை நான் என் மகளிடமே சொன்னதில்லை. மகள் வாயை மூடிக்கொண்டு பார்த்தாள். பாப்பா கொஞ்ச நேரம் கழித்து, ‘அந்த வைக்கோல் போர் எங்க இருந்துச்சுங்க?’ என்று கேட்டாள். அவ்வளவுதான். கையை நீட்டிக் காட்டினேன்.

ராத்திரி அவள் பக்கத்தில் பாய் போட்டுக்கொண்டேன். நர்சம்மா சொன்ன கேள்வியையும் கேட்டேன், வாய் குழறியது. ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், ‘அப்பப்ப தோணும்’ என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை விடவில்லை. காலையில் அவளோடு சேர்ந்து 14416க்குக் கூப்பிட்டோம். ஒரு பெண் பேசினாள், அரை மணி நேரம் இருக்கும். போனை அவளிடம் கொடுத்துவிட்டு நான் தள்ளிப்போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன், கண் மட்டும் அவள்மேல். இன்றைக்கே போகச் சொன்னார்கள். மகன் பெங்களூரிலிருந்து கிளம்பிவிட்டான், தருமபுரி பஸ் ஸ்டாண்டிலேயே இறங்கி நேராக ஆஸ்பத்திரிக்கு வருகிறான். வக்கீல் தம்பி, வயதை மறைக்க மாட்டோம். நீங்கள் சொன்ன 20 வயதுச் சட்டத்தையும் அவளுக்குச் சொல்லிவிடுகிறேன், அவள் கொஞ்சம் தெளியட்டும்.

அவள் அம்மாவைப் பெற்ற பாட்டி ஊத்தங்கரையில் இருக்கிறாராம். பாப்பாவே சொன்னாள். அவருக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.

இப்போது பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன். அவள் என் தோளில் சாய்ந்து தூங்குகிறாள். ஒன்று மட்டும் அவசரமாகச் சொல்லுங்கள். டாக்டரைப் பார்க்கும்போது நான் உள்ளே கூடவே இருக்க வேண்டுமா, வெளியே நிற்க வேண்டுமா?


பதில்: நர்சம்மா

முதலில் அவள் தனியாகப் பேசட்டும் அம்மா. உங்களைக் கூப்பிட்டால் போங்கள். அதுவரை நேர் எதிர் பெஞ்சில் உட்காருங்கள், டீ குடிக்கக்கூட எழுந்து போகாதீர்கள். கதவைத் திறந்து வெளியே வந்ததும் அவளுக்கு உங்கள் முகம் தெரிய வேண்டும்.